பதில் அனுப்ப வேண்டாம்

ஆடி பிறந்தால் இந்த ஊருக்குத் தொண்டை கிழியும்.
ரங்கநாதன் தெருவில் ஸ்டூல் மேல் ஏறிக்
கை தட்டிக் கூப்பிடுகிறார்கள்.
கிண்டி எஸ்டேட்டில் மூன்றாவது மாடியில்
ஏசி சொட்டும் பக்கெட்டை
மணிக்கொரு தரம் கொட்டிவிட்டு வந்து
கத்தாமல் விற்கும் வேலை பார்க்கிறேன்.

வடபழனி தணிகாசலம் மெத்தைக் கடையின்
மெயில்கள் என் பொறுப்பு.
அனுப்புவது யாராலும் முடியும்.
ஸ்பாமில் விழாமல் போய்ச் சேர்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

‘அதிரடி’ என்று எழுதியிருந்தார், எடுத்தேன்.
‘இலவசத் தலையணை’யில்
தலையணையை மட்டும் விட்டுவைத்தேன்.
மூணு ஆச்சரியக்குறில ஒண்ணாவது இருக்கட்டும்மா என்றார்.
ஒன்றும் இல்லை.

இன்ன கடையிலிருந்துதான் வருகிறது என்று
வாசலில் காட்ட முத்திரை வைத்தேன்.
முதல் நாள் ஐம்பது பேருக்கு,
மறுநாள் நூறு பேருக்கு.
புதுத் தெருவுக்குக் குடிபோனவரைப் பார்த்து
நாய்கள் குரைப்பது நிற்க எத்தனை நாளாகுமோ
அத்தனை நாள் பொறுக்க வேண்டும்.

அவருக்குப் பொறுக்கவில்லை.
பென்டிரைவோடு வந்தார்,
ரிச்சி தெருவில் நாலாயிரம் ரூபாய்க்கு
ஒரு லட்சத்து இருபதாயிரம் முகவரிகள்.
எல்லாம் மெட்ராஸ்காரங்கம்மா,
எல்லாரும் ராத்திரி படுக்கத்தானே வேணும்?

வேணும் சார்.
ஆனா இவங்க யாரும் நம்மளக் கூப்பிடல.
கூப்பிடாத வீட்டு பெல்லை அடிச்சா
கூப்பிட்ட வீட்டுக் கதவும் திறக்காது.

டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.
பென்டிரைவ் என் டிராயரில்
ஸ்டேப்ளர் பின்களோடு கிடக்கிறது.

எங்களிடம் இருந்தவர்கள்
ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர்.
பில் போடும்போது தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள்.
ஒவ்வொரு மெயிலிலும் ஒளித்து வைத்த
கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி
யார் திறந்தார், எத்தனை மணிக்கு என்று
எனக்கு வந்து சொல்லும்.
இரண்டு வருடமாகத் திறக்காதவர்களை
நீக்கிக்கொண்டே வந்தேன்.
மூடிய கம்பெனியின் முகவரியில் நான்கு பேர்,
பெட்டி நிரம்பி வழியும் ஒருவர்,
கடைசி மூன்று எழுத்தை மாற்றி எழுதிய ஒருவர்.
மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம்.
பாதி ஊரைக் காலி பண்ணிட்டியே என்றார் போனில்.

மூன்றாம் வாரம்
மெயில்கள் இன்பாக்ஸில் இறங்கத் தொடங்கின.
நான் செய்ததை மட்டும் வைத்துக் கூட்டினால்
அத்தனை வந்திருக்கக் கூடாது.
காரணம் தேடித்தேடி
நாலு வருடமாக யாரும் திறக்காத
அந்தப் பெட்டியைத் திறந்தேன்.
‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்கிறோமே,
அந்த முகவரியின் பெட்டி.

உள்ளே பதில்கள்.

பெரும்பாலும் ஒருவருடையவை.
ஹெப்சிபா, கொளத்தூர்,
அதிகாலை இரண்டு ஐம்பது.
‘மெத்தை நல்லா இருக்கு சார். தூக்கம்தான் வரல.’
அடுத்த மாதத் தள்ளுபடிக்கு, ‘இந்த மாசமும் வரல.’
தீபாவளி வாழ்த்துக்கு, ‘உங்களுக்கும்.’
மழை வெள்ளத்தின்போது நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லை.
அவரே எழுதியிருந்தார்,
‘கடைக்குள்ள தண்ணி வந்துச்சா?’

என் ஊகம் இது.
முத்திரை, மரியாதையான தலைப்பு, குறைத்த எழுத்துகள்,
எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச்
சந்தேகமாகவே நின்றிருக்கும் அந்த வடிகட்டி,
இவர்களுக்கும் ஒருத்தி பதில் போடுகிறாள் என்று கண்டு
வழி விட்டிருக்கிறது.

தணிகாசலத்திடம் படித்துக் காட்டினேன்.
ரிட்டர்ன் கேக்குறாங்களா என்றார் முதலில்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம்,
தண்ணி முட்டி வரைக்கும் வந்துச்சுன்னு எழுதும்மா என்றார்.

அடியில் இருந்த அந்த வரியை எடுத்தேன்.
தனியாக ஒரு மெயில் எழுதினேன்.
படம் இல்லை, விலை இல்லை, பட்டன் இல்லை.
முட்டி வரைக்கும் வந்த தண்ணீர்,
நனைந்த பதினெட்டு மெத்தைகள்,
கேட்டதற்கு நன்றி.

அந்தப் புள்ளியை அதில் வைக்கவில்லை.
எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்று
எனக்குத் தெரிய வேண்டாம்.