பூக்காத ஆண்டின் கணக்கு

கப்புவாஸ் ஆற்றின் தலைமாட்டில்
ஒரு மரத்துக்கு எங்கபாங் என்று பெயர்.
தமிழ்க் காதுக்கு அதில் முதலில் கேட்பது ‘எங்க’.
அவர்களுக்கு அப்படிக் கேட்காது.
கேட்கவேண்டிய தேவையும் இருந்ததில்லை,
சர்வேயர் வரும்வரை.

அவன் வந்தது பூக்காத ஆண்டில்.
நாலு வருடம் சும்மா நிற்கும் மரம் அது.
ஐந்தாவதிலோ ஆறாவதிலோ
யாரிடமும் சொல்லாமல்
மலை மொத்தமும் சேர்ந்து பூக்கும்.
எப்போது என்று கேட்டால்
இபான் பெண்கள் சிரிப்பார்கள்.
அவன் கேட்கவில்லை.
பச்சை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் பூசி
‘பயன்பாடற்ற நிலம்’ என்று எழுதி,
கோழிக்குழம்புக்கு நன்றி சொல்லிப் படகேறினான்.

அடுத்த மாதம் செம்பனைக் கம்பெனியின் தாள் வந்தது.
பதினொரு ஆண்கள் கையெழுத்து.
ஏழாவது, மிண்டுவின் கணவன் லாந்திங்,
கம்பெனி லாரி ஓட்டுகிறவன்.
கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம்வரை இழுபட்டிருந்தது.
தயங்கும்போது அவன் அப்படித்தான் எழுதுவான்.
மிண்டு கத்தவில்லை.
சோறு வைத்தாள், மீன் வைத்தாள்,
உப்பு வைக்கவில்லை.

படகுக்குப் பூசி மீந்த நீலப் பெயின்ட்டை
இன்டாய் செலாக்கா எடுத்து வந்தாள்
(செலாக்காவின் அம்மா; சொந்தப் பெயரை ஊர் மறந்து நாளாயிற்று).
ஒன்பது பெண்கள், ஒரு பிரஷ்,
திரை வெடித்த ஒரு செல்போன்.
அட்டை கடிக்கும் சரிவில்
மரத்துக்கு மரம் நீலப் புள்ளி.
நூறுக்கு மேல் எண்கள் தடுக்கும் சுபாங்குக்கு.
அவள் வேறு மாதிரி எண்ணினாள்:
இது என் மாமியார் வலி எடுத்துச் சாய்ந்த மரம்,
இது கரடி தேன் உடைத்தது,
இதற்காக இரண்டு வீடு சண்டை போட்டு
இரண்டும் தோற்றது.
மிண்டு அதை எண்ணாக மாற்றினாள்.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
நடுவில் கணக்குத் தப்பி
முந்நூறு மரத்துக்குத் திரும்ப நடந்தார்கள்.
யார் தப்பு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி கேட்டார்:
“காய்க்காத மரத்தை எதற்கு எண்ணினீர்கள்?”
இன்டாய் செலாக்கா திருப்பிக் கேட்டாள்:
“தூங்குகிறவரை ஆள்கணக்கில் சேர்ப்பதில்லையா?”

பிறகு அந்த ஆண்டு வந்தது.
காற்றடித்த இரவெல்லாம்
இறக்கை முளைத்த காய்கள் சுழன்று சுழன்று
தகரக் கூரையில் இறங்கின.
பன்றிக்கு முன் எழுந்தவளுக்குத்தான் கூடை நிறையும்.
புகை போட்டு, ஓடு நீக்கி, இடித்து, அவித்து, பிழிந்து
மூங்கில் குழாயில் ஊற்றினால்
விடிவதற்குள் உறைந்துவிடும்,
நெய்யைவிடக் கெட்டியாக.
சுடுசோற்றில் ஒரு சீவல் போட்டால்
பேச்சு நின்றுபோகும்.

போன்டியானாக்கில் ஒரு சோப்புக்காரர் நாற்பது கிலோ கேட்டார்.
பாதிப் பணம் முன்னால்.
மீதி வர எட்டு மாதம்.
பூக்காத ஆண்டுகளுக்குப் பாய் முடையலாம் என்றாள் சுபாங்.
பாய் விற்ற காசு படகு டீசலுக்கே காணாது என்றாள் மிண்டு.
கூட்டுறவு என்பது பெரும்பாலும்
இந்த வாக்குவாதம்தான்.

மூன்றாம் வருடம் அரசாங்கக் கடிதம்.
காடு அவர்களுடையது,
வடக்கு ஓடை நீங்கலாக.
வடக்கு ஓடையில் இருநூற்றுப் பத்து நீலப் புள்ளிகள்.
மிண்டு அந்த வரியை இரண்டாம் முறை வாசித்தாள்.
யாரும் கைதட்டவில்லை.
யாரோ பெயின்ட் டப்பாவை
ஆட்டிப் பார்த்தார்கள்.

அன்றிரவு லாந்திங் லாரி விட்டு இறங்கி வந்தான்.
டீசலும் உரமும் தின்று வெடித்த உள்ளங்கை.
கேட்காமல் ஒரு டப்பாவைத் திறந்து
வெடிப்பு வெடிப்பாகத் தடவிக்கொண்டான்.
பார்க்காதவள்போலப் பார்த்திருந்தாள்.
உப்பை அவன் பக்கம் நகர்த்திவிட்டு
நோட்டை எடுத்து எழுதினாள்:
எங்கபாங் வெண்ணெய், ஒரு டப்பா.
லாந்திங்.
கடன்.