அட்டவணை இரண்டின் அடிக்குறிப்பு

முன்னுரையிலிருந்து யாரும் தொடங்குவதில்லை.
முதலில் அட்டவணை.
பிரானூர் பார்டரில்
பரோட்டாக் கடை மாடியில் வாடகை அறை.
கீழே கல்லில் கொத்தும் சத்தத்துக்கு நடுவே
எண்களைக் கட்டங்களுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன்.

புளியரைச் சாவடி தாண்டி
ஆரியங்காவு ஏறும் சாலையில்
ஐந்நூறு மீட்டர்த் துண்டுகள் எட்டு.
ஆனியும் ஆடியும் சாரலில்
நாற்பத்தெட்டு இரவுகள்.
நசுங்கிய தவளைகள் அறுநூற்றுப் பதினொன்று.
அதில் 'இனம் காண இயலாதவை' என்றொரு வரிசை:
நூற்று நாற்பத்து மூன்று.
அதை நிரப்பும்போது மட்டும்
கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து வழிமுறை. எளிது என்பார்கள்.
செய்ததைச் செய்தபடி எழுது;
படிக்கிறவர் நாளைக்கே டார்ச்சோடு வந்து
அதே சாலையில் நடந்து பார்க்க முடிய வேண்டும்.
எழுதினேன்:
'இரவு எட்டு முதல் பதினொன்று வரை
உடல்கள் எண்ணப்பட்டன.'
பிரசீதா கேரளப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
'எண்ணப்பட்டன'வுக்குள் இரண்டு பேரும்
ரெயின்கோட்டோடு மறைந்துபோனோம்.
வைக்கோல் லாரி வாரி அடித்த சேற்றுக்கும்
"தவளைக்கு எந்தினா மோளே சென்சஸ்?" என்று
குடைக்குள் நின்று கேட்ட காவலருக்கும்
அந்த வாக்கியத்தில் இடமில்லை.
இருக்கவும் கூடாது. அதில் எனக்கு வருத்தமில்லை.

முடிவுகளில் எண் மட்டும்.
ஏன் என்பது விவாதத்துக்கு.
கலந்தால் ஐசக் சார் சிவப்பில் ஒரு கோடு இழுப்பார்,
எஸ் வளைவு மாதிரி.
மழை கூடினால் சாவு கூடுகிறது: அது முடிவு.
சரக்கு லாரியும் தவளையும் கிளம்பும் நேரம் ஒன்று:
அது விவாதம்.
முதல் படியில் 'பாவம்' என்று எழுதியிருந்தேன்.
அதை எந்தப் பகுதியிலும் வைக்க முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து
பெயரில்லாத, ஊரில்லாத இரண்டாம் மதிப்பீட்டாளர்
ஒரே ஒரு கட்டத்தில் விரல் வைத்துக் கேட்டார்:
'முப்பத்தோராம் இரவு, நான்காம் துண்டு.
ஏன் பூஜ்யம்?'

அன்றைக்கு வளைவில்
சிமென்ட் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது.
இருபக்கமும் வண்டிகள் கட்டிக் கிடந்தன.
விளக்குகள் அணைந்த சாலை
கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கியது.
ஈரத் தாரில் எங்கும் தொண்டைகள் துடித்தன.
அரை மணியில் கீழே யாரோ இஞ்சினை முடுக்கினார்கள்.
நான் அட்டையைக் கீழே வைத்தேன்.
இரண்டு கையாலும் அள்ளி அள்ளி
ஓரத்தில் விட்டேன்.
எத்தனை?
தெரியாது.
எண்ணவில்லை.

"அந்த ஒரு ராத்திரியையே தூக்கிரும்மா" என்றார் ஐசக் சார்.
"நாப்பத்தேழு தாராளம்."
தாராளம்தான்.
ஆனால் காரணம் சொல்லாமல் தூக்குவது
என்னால் ஆகாது என்று
பிரசீதாவுக்கு போன் போட்டேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் மழை மட்டும் பேசியது.
பிறகு, "எடீ, ஞானும்.
கர்க்கடக வாவு அன்னைக்கு. ஒண்ணே ஒண்ணு.
பெருவிரல் அளவுதான் இருந்தது."
"எழுதணும்."
"எழுதணுமா?"
"எழுதணும்."

சுருக்கத்தை அதன்பிறகுதான் எழுதினேன்.
அறுநூற்றுப் பதினொன்றுக்கு முன்னால்
'குறைந்தபட்சம்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது.
தலைப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.
அதில் எங்கள் மழை ஒரு சொட்டுமில்லை.

அட்டவணை இரண்டின் அடியில்
கண்ணாடி போட்டாலும் சிரமப்படும் எழுத்தில்:

அ. போக்குவரத்துத் தடையின்போது
உயிருள்ளவை ஆய்வாளரால் அகற்றப்பட்டன;
எண்ணிக்கை பதிவாகவில்லை.

ஆ. ஓர் உயிரி, இளையது,
சாலையோரம் விடப்பட்டது,
அது போய்க்கொண்டிருந்த பக்கமே.