முதல் மரை

செகாம்புட் பட்டறையில் மணி ஒன்பதரை.
மழை விட்டும் தகரம் சொட்டுகிறது.
ஒற்றைச் செருப்போடு நிற்பவள் மாதிரி
கோகிலவாணியின் வேன்
இடது பின்பக்கம் தணிந்து நிற்கிறது.

“ராத்திரி ஏத்தி விட்டா காலைல எறங்கிடுதுண்ணே.
ஆறு மணிக்கு டயாலிசிஸ், மூணு பேரு வாசல்ல.
வீல்சேர் ஏத்துற பலகை கோணலா நிக்குது.”
சாவியைப் பழைய பேட்டரி மேல் வைத்துவிட்டுப்
போய்விட்டாள்.
திட்டியிருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன்
அந்தக் காற்றுப்பையை மாட்டியவன் நான்.

கம்ப்ரஸர் உறுமி ஓய்ந்தது.
முள் நூற்றிருபதில் நின்றது.
மைலோ டின்னில் கரைத்த சோப்புத் தண்ணீரை
ஒவ்வொரு பித்தளைக் கழுத்திலும் பூசினேன்.
எல்போ. டீ. டாங்கியின் அடிக்குழாய். பையின் தலை.
ஷஹாதத் டார்ச் பிடித்தபடி கொட்டாவி விட்டான்.
நுரை அப்படியே கிடந்தது.
எங்கேயும் ஒரு குமிழி இல்லை.
“ஓக்கே போஸ், வீட்டுக்குப் போலாம்.”

ஓக்கே என்றால் ஏன் இறங்குகிறது?

பிறகுதான் வால்வின் வெளிவாயில்
ஈர விரலை வைத்தேன்.
ஒன்று முளைத்தது,
அவசரமே இல்லாமல்,
பாசிப்பருப்பு அளவு, பட்டாணி அளவு,
உடைந்தது.
மறுபடி ஒன்று.

கழற்றினேன்.
ரப்பருக்கும் இருக்கைக்கும் நடுவே
வெள்ளையாய் ஒரு இழை,
இமைமுடியில் பாதி.
ஷஹாதத்துக்கு அது தூசி.
எனக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை:
வாசலில் மூன்று வண்டி, மணி ஐந்து,
மரையின் நுனிவரை டெஃப்லானைச் சுற்றிய
என் கட்டைவிரல்.

நுனியில் ஒரு மரையாவது வெறுமையாய் விட வேண்டும்.
தெரியும். எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.
நுனியில் சுற்றியது வெட்டுப்பட்டு
குழாய்க்குள் விழுந்து,
பை மூச்சு விட்ட ஏதோ ஒரு நாளில்
காற்றோடு ஏறி வந்து
இங்கே படுத்திருக்கிறது.
வெளியே ஒரு பொட்டு கசியாமல் அடைத்த அதே நாடா
உள்ளே போய்க்
கதவிடுக்கில் கால் வைத்துக்கொண்டிருந்தது.

ஊசியால் பழைய நாடாவைக் கிளறி எடுத்தேன்.
பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
இந்த முறை நாடா வேண்டாம், பசை.
இரண்டாம் மரையிலிருந்து, மெல்லிசாக.
கை இறுகும்வரை கை, அப்புறம் ஸ்பானர், ஒன்றரைச் சுற்று.
எல்போவின் வாய் சுவரைப் பார்த்து நின்றது.
கால் சுற்று பின்னுக்குத் திருப்பினால்
குழாய்க்கு நேராக வரும், கண்ணுக்கு அழகு.
பின்னுக்குத் திருப்பிய மரை பிடிக்காது.
கழற்றித் துடைத்து முதலிலிருந்து.
பசை காய ராத்திரி வேண்டும்.
ஷஹாதத்தை அனுப்பிவிட்டு
டயர் அடுக்கின் மேல் படுத்தேன்.
கடைசிக் கொமுட்டர் போனது கேட்டது.
தூங்கினேனா, தெரியாது.

நாலரைக்குக் காற்றேற்றி, நாலு விரல் வைத்து அளந்தேன்.
ஐந்தேகாலுக்கும் அதே நாலு விரல்.

கோகிலவாணி வந்தாள், தலையில் ஈரத் துண்டோடு.
“வால்வு போச்சாண்ணே?”

பதிலை அவளே எடுத்து நீட்டுகிறாள்.
தலையாட்டினால் போதும்,
இருநூற்றெண்பது ரிங்கிட்.

ரசீதின் முதுகில் கிரீஸால் ஒட்டி வைத்த இழையைக் காட்டினேன்.
“வால்வு நல்லாருக்கு. இது நான் சுத்தின டேப்பு.
காசு வேணாம்.”

கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.
ஊதிப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டிருந்தது.
கோபமா என்று முகத்தில் தேடினேன்.
அவள் கண் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தது,
வலது பின், வலது முன், இடது முன்.

“மத்த மூணும்
அன்னிக்கு நீங்கதானே சுத்துனீங்க?”

கொஞ்ச நேரம் தகரம் மட்டும் சொட்டியது.

“ஆமா.”

“சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டாறேன்.”

வேன் வெளியேறித் திரும்பியது,
நாலு மூலையும் சமமாக.
நான் சோப்புத் தண்ணீரைக் கொட்டவில்லை.