ஏழாம் பலகை

என் கடைக்கு ஒன்பது பலகைக் கதவு.
ஏழாவதைக் கரையான் தின்றுவிட்டது.
தேக்கு விற்கிற விலையில்
மாற்றாமல் விட்டுவிட்டேன்.

விற்பனை வரி ஏறிய வருஷம்
பெகு ரயிலடிச் சாலையில்
சீமெண்ணெய்க் கடை பரஞ்சோதி
காலி டின்மேல் ஏறி நின்றார்:
"பெரிய மில்லுக்கு ஒரு கணக்கு,
உப்பு விற்கிறவனுக்கு வேறு கணக்கா?
இந்த ஊரில் புத்தரே படுத்திருக்கிறார்,
நாமாவது எழுந்து நிற்போம்!"
சீனக் கடை ஆ லெங் கைதட்டினார்.
ஙப்பி விற்கும் டாவ் ச்சீ
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
ஆனாலும் எங்களோடுதான் நடந்தாள்.

நாற்பத்தோரு கடைக்காரர்கள்
தராசைத் தூக்கிக்கொண்டு போனோம்.
தட்டோடு தட்டு மோதிய சத்தத்தில்
எங்கள் கோஷம் எங்களுக்கே கேட்கவில்லை.
வரி ஆபீசர் மாடியிலிருந்து பார்த்தார்.
என் பேரேட்டில் பதினாலாம் பக்கம் அவர்,
எழுபது கியாட் நிலுவை.

மூன்று நாள் கடையடைப்பு.
முதல் நாள் சீட்டாடினோம்.
இரண்டாம் நாள் இருட்டியபின்
ஏழாம் பலகைச் சந்தில்
ஒரு கை நுழைந்தது, தகரக் குவளையோடு.
ரைஸ் மில்லில் உமி தள்ளும் பவளாத்தாள்.
வரி உங்களுக்கு, பட்டினி எங்களுக்கா
என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.
"அரைப்படி" என்றாள்,
அவ்வளவுதான்.

வழக்கமாகக் குவித்து அளப்பேன்.
அன்று தலைதட்டினேன்.
எழுதும்போது விலைக்குமேல்
பத்துப் பியா கூட்டினேன்.
சங்கக் கட்டுப்பாட்டை மீறுகிறவனுக்கு
அந்த ஆபத்துக்காவது வேண்டாமா.
இதற்கு என்ன பெயரென்று
அப்போது தோன்றவில்லை.
விடிவதற்குள் பதினொரு கைகள்.

ஜெயித்தோம். வரி பாதியாயிற்று.
பரஞ்சோதி நகரசபைக்குப் போனார்.
போன வாரம் வந்தார்,
புதுச் செருப்பு, நீல ரசீதுப் புத்தகம்.
"சங்கச் சந்தா, மாதம் ஐந்து.
கட்டாயமில்லை அண்ணே,
கட்டாதவங்க பேரை மட்டும்
சந்தை முகப்பில் எழுதி வைப்போம்."
கொடுத்தேன்.
எச்சில் தொட்டு, கிழித்து நீட்டினார்.
ஆபீசரும் இப்படித்தான் எச்சில் தொடுவார்.

அன்று மாலை பவளாத்தாள்
பாக்கி தீர்க்க வந்தாள்.
அரிசிக்கான காசை ஒரு குவியலாய் வைத்தாள்.
பத்துப் பியாவை மட்டும்
ஒரு விரற்கடை தள்ளி,
தனியாக வைத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.

நான் இரண்டையும் ஒரே வாரலில்
கல்லாவில் போட்டேன்.

நாளைக்கு ஆசாரி வருகிறார்,
ஏழாம் பலகைக்கு அளவெடுக்க.