மூன்றாம் கியர்

என் வண்டிக்கு மூன்றாம் கியர் தங்காது.
போட்ட கையை எடுப்பதற்குள்
முள்மேல் உட்கார்ந்தவன் போல எழுந்துவிடும்.
கியர் கம்பியை இருக்கையின் காலோடு
மஞ்சள் நைலான் கயிற்றால் கட்டித்தான்
கியும்ரியில் இரண்டு பனிக்காலம்
கடை கடையாக ரொட்டி போட்டேன்.
ஆஸ்பத்திரி மேடு வந்தால் மட்டும்
ஒரு கையால் முடிச்சை அவிழ்க்க வேண்டும்,
பல்லையும் சேர்த்து.

வண்டி செய்த ஆலையை மூடியாயிற்று.
கையேடு அச்சடித்த நாடே
வரைபடத்தில் இல்லை,
உதிரிபாகம் மட்டும் எங்கிருந்து வரும்
என்றான் கொழுந்தன் ஸோரிக்.
நாடு பெரிய சாமான், தொலைந்துபோகும்.
சின்னச் சாமான்
ஏதாவது ஒரு டப்பாவில் கிடக்கும்
என்றேன்.

டப்பா டப்பாவாகத் தேடினேன்.
தண்டவாளத்தோரச் சனிக்கிழமைச் சந்தையில்
பல்செட்டுக்கும் சமோவாருக்கும் நடுவே
ஒரு கையேடு.
எழுபதாம் பக்கத்தோடு நின்றிருந்தது.
மீதியில் சூரியகாந்தி விதை மடித்துக் கொடுத்தாளாம்
விற்றவளின் அக்கா.
எந்த வருஷம், யாருக்கு என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை அவள்,
யோசித்துப் பார்த்தாள்.

பிறகு ரீகாவில் ஐவர்ஸ்.
முகம் தெரியாது, இருமல் தெரியும்.
அவரிடம் முழுப் புத்தகம் இருந்தது.
அவர் மறந்த ரஷ்யமொழியில் வாசிக்க
நான் மறந்த ரஷ்யமொழியில் எழுதிக்கொண்டேன்
ராத்திரி ராத்திரியாக, தொலைபேசியில்.
பக்கம் எண்பத்து நான்கு. படம் முப்பத்தொன்று.
கியரை இருத்தும் குண்டு, அதன் ஸ்பிரிங்.
எண்ணின் கடைசி இலக்கத்தில்
எவனோ எண்ணெய்க் கட்டைவிரலை வைத்திருக்கிறான்.
மூன்று, என்றார்.
இல்லை, எட்டு.
இருங்கள், மனைவியைக் கூப்பிடுகிறேன்.
ஐந்து, என்றாள் அவள்.

மூன்றையும் வாங்கினேன்.
ருஸ்தாவியிலிருந்து ஜும்பெர் அனுப்பினான்
மினிபஸ் டிரைவர் சட்டைப்பையில்,
தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து
தோடு போல.
ஒன்று நீளம். ஒன்று தடிமன்.
ஒன்று
கியர்பாக்ஸைப் பார்த்ததும் பாய்ந்து
பனிக்குள் போனது.
அது சரியானதாக இருந்திருக்கலாம் என்று
வசந்தம் வரை நம்பினேன்.
பனி உருகியதும் எடுத்துப் பொருத்தினேன்.
இல்லை.

ஜும்பெருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.
ஒரு நம்பர் கொடுத்தான்:
க்னாரிக்,
கியர்பாக்ஸ் வரிசையில் பதினோரு வருஷம் நின்றவள்,
இப்போது மருந்துக்கடை கல்லாவில்.
வணக்கம் சொல்லவும் விடவில்லை.
எந்த மாதத்து வண்டி?
அக்டோபர் என்றேன்.
அந்தப் பக்கம் கல்லா திறந்து மூடியது.
அந்த அக்டோபரில் ஸ்பிரிங் வரவில்லையம்மா.
மாதக் கணக்கு காத்திருக்குமா?
கதவுப் பூட்டு ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிப் போட்டோம்.
புத்தகத்தில் இருக்காது.
எழுதியிருந்தால் எவனாவது உள்ளே போயிருப்பான்.
கொஞ்சம் பொறுத்து,
இத்தனை வருஷமா தாங்கியது, என்று கேட்டாள்
தன் பிள்ளை பாஸான மாதிரி.

புத்தகமும் எண்ணும் தேடி
இரண்டு எல்லை தாண்டிப் போனேன்.
சாமான் என் வலது பக்கம்
ஒரு முழத் தூரத்தில்,
திறக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டு.

கழற்றினேன். ஒரு சுற்று வெட்டினேன்.
மூன்றாம் கியர் உட்கார்ந்தது
மூட்டை போல.

ஐவர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
எண்பத்து நான்காம் பக்க ஓரத்தில்
பென்சில் கீறும் சத்தம் கேட்டது.
பின்னாலிருந்து மனைவி
ஐந்து என்றாள் இன்னமும்.

இப்போது மேடு ஏறும்போது கை சும்மா இருக்கிறது.
வலது கதவுதான் சாத்துவதில்லை.
மஞ்சள் கயிறு அங்கே போயிற்று, அதே முடிச்சு.
ஸோரிக் பின்வழியாக ஏறி
சூட்டு ரொட்டித் தட்டுகளுக்கு இடையே ஊர்ந்து
முன்னால் வந்து உட்காருகிறான், உடம்பெல்லாம் மாவு.
கதவுக்கு ஒரு ஸ்பிரிங்
எங்காவது கிடைக்காதா என்கிறான்.