நைட் ஹால்ட்

ஒன்பதே காலுக்கு வண்டி ஹட்டியில் நிற்கும்.
கோத்தகிரிக்குத் திரும்புவது விடிகாலை ஐந்தே முக்காலுக்கு.
நடுவில் இருக்கிற இரவில்
பிரகலாதன் செஸ் ஆடுகிறான்.
மூன்று நிமிட ஆட்டம். கடைசி சீட், இடது ஓரம்.
சிக்னல் அந்த ஒரு ஜன்னலில்தான் ஏறும்.

கடைசிபஸ்43 என்று பேர் வைத்திருக்கிறான்.
எப்படி ஆடுகிறான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.
ஏழு மாதமாக அவன் தோளுக்குப் பின்னால்
கம்பளிக்குள் கிடந்து பார்க்கிறேன்,
ஆட்டம் அரைகுறையாகத்தான் தெரியும்,
ஆளைத் தெரியும்.

முதல் ஆறு நகர்த்தலைப் பார்க்காமலே போடுவான்,
பள்ளிக்கூட ஸ்டாப்பில் டிக்கெட் கிழிக்கிற மாதிரி.
எதிரில் பிரேசிலோ போலந்தோ,
கொடி மட்டும்தான் தெரிகிறது.
அந்த ஆள் கோட்டை கட்டி முடிக்குமுன்
இவன் குதிரை வாசலில் நின்று கனைக்கும்.

பலம் என்றால்
பத்து வினாடிக்குக் கீழே பார்க்க வேண்டும்.
எனக்கு நெஞ்சு அடிக்கும்.
சந்தை நாளில், அறுபது பேர் நசுங்கி நிற்கையில்,
பதினேழு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டுகிறவனுக்கு
அடுத்த வளைவுக்குள் மீதி எண்ணித் தருகிற கை அது.
நாலு வினாடியில் ஏழு நகர்த்தல். நானே எண்ணினேன்.
செத்த ஆட்டத்தைக்கூட
எதிராளியின் கடிகாரம் தீரும்வரை இழுத்துப் போவான்.

குறை.
சும்மா கிடக்கிற சிப்பாயை விடமாட்டான்.
கை காட்டினவனுக்கெல்லாம் விசில் அடிக்கிறவன்,
இந்த இருட்டில் சோலை ஓரம் தனியே ஒருத்தன்
ஏன் நிற்கிறான் என்று யோசிப்பதில்லை.
ராணி உள்ளே போகும், கதவு சாத்தும்,
சே என்பான், உடனே அடுத்த ஆட்டம்.
தோற்றால் தூங்கத் தெரியாது.
பதினொன்றரைக்கு மேல் அவன் ஆடுவதெல்லாம்
நியூட்ரலில் மலை இறங்குவது.

இன்னொன்று, இதுதான் பெரிது:
ராஜாவுக்குக் காற்று விடமாட்டான்.
மூன்று சிப்பாயை முன்னால் அடைத்து
மூலையில் போர்த்திப் படுக்க வைப்பான்,
இந்த வண்டியின் கண்ணாடி அத்தனையையும்
குளிருக்குப் பயந்து இழுத்துச் சாத்துகிற அதே ஆள்.
கடைசி வரிசையில் எவனாவது ஒரு யானையை இறக்கினால் முடிந்தது.
ஜனவரியில் மட்டும் ஒன்பது தடவை.

ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.
"அண்ணே, நீங்க கியரப் பாருங்க."

போன வியாழன் அவனுக்கு வயிறு சரியில்லை.
ஆட்டத்தின் நடுவில் போனை என் கையில் திணித்து
"தொடாதீங்க" என்று டார்ச்சோடு இறங்கினான்.
ஒரு நிமிடம் ஐம்பது பாக்கி.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வந்து
படிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றது.
அசையவில்லை. அவனும் அசையவில்லை.
கடிகாரம் மட்டும் அசைந்தது.

ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.
அவ்வளவுதான் எனக்கு அவசரமாகத் தோன்றியது.
அப்புறம் இரண்டாம் கியரிலேயே போனேன்,
ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, காது கொடுத்து.
நாலாவது நகர்த்தலில் நேரம் தீர்ந்தது.
எனக்கு மூன்று நிமிடம் பீடி பற்றவைக்கவே பத்தாது.

திரும்பி வந்தவன் ஆட்டத்தை முன்னும் பின்னும் ஓட்டினான்.
"யாருண்ணே இது, என் ஆட்டத்துல?"
"எருமை" என்றேன்.
சிரிக்கவில்லை.
அந்தச் சிப்பாயில் வந்து நிறுத்தினான்,
ரொம்ப நேரம் வைத்திருந்தான்.
"டைம் வேஸ்ட்."

அவன் தூங்கினதும்
என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு தள்ளினேன்.
விடியும்போது சீட்டெல்லாம் ஈரம்,
மூடுபனி டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தது.
திட்டிக்கொண்டே சாத்தினான்,
பையை மாட்டினான், படியில் ஏறி
போலாம், ரைட் என்றான்.