மூன்று பறை மிளகு

ஆரியங்காவுச் சாவடியில்
மிளகு அளந்தவன் இஞ்ஞாசி.
பறையின் வாயைக் கோலால் வழிப்பான்,
ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது.
அதை ஓலையில் எழுதியவன் நான்.

ஆடியில் உடைவாள் வந்தது.
மன்னருக்குப் பதிலாக அதைப்
பட்டு விரித்த பலகையில் கிடத்தினார்கள்.
எல்லோரும் விழுந்து கும்பிட்டுக்
குலதெய்வத்தின் மேல் ஆணையிட வேண்டும்.
நான் விழுந்தேன். எழுந்தபோது நெற்றியில் சேறு.
அவன் மட்டும் பறையை இடுக்கிக்கொண்டு நின்றான்:
"கை ராஜாவுக்குத்தான் எஜமான், விடிந்தது முதல் அடையும்வரை.
முழங்காலைப் போன பாஸ்காவிலேயே
வேறிடத்தில் கொடுத்துவிட்டேன்."

காரியக்காரர் கோபப்படவில்லை.
வேதத்துக்காகக் கொன்றால்
கடற்கரை முழுக்கப் பேசுவார்கள்.
"திருட்டு என்று எழுது" என்றார் என்னிடம்.
எவ்வளவு என்று கேட்டேன்.
ஐயோ, அதைத்தான் கேட்டேன்.
"மூன்று பறை போதும்."

ஓலை எழுத்தாணியைத் தடுக்கவில்லை.

கழுத்துருட்டி ஆற்றங்கரையில் முடித்தார்கள்.
அந்தப் பெயர் முன்பே இருந்தது,
நாங்கள் வைத்ததல்ல.
மருந்து மழையில் நமத்துப்போனதால் வாள்.
பட்டில் கிடந்ததல்ல, வேறொன்று,
பிடியில் கயிறு சுற்றியது.

அன்றிரவு கணக்கு இடித்தது.
ஓலையில் மூன்று பறை குறைகிறது,
கிடங்கில் குறையவில்லை.
மாதக் கடைசியில் புனலூரிலிருந்து அளக்க வருவார்கள்.
விளக்கில்லாமல் போனேன்.
அவனுடைய பறையாலேயே அளந்தேன்,
வாயை வழித்து,
கை பழக்கமில்லாமல் நடுங்க.

திருட்டு அப்போதுதான் நடந்தது.

சாக்கைச் சுமந்து அவன் வீட்டுக்குப் போனேன்.
வியாகுலம் கதவை முழுதாகத் திறக்கவில்லை.
"அவர் எடுத்ததா?"
இல்லை என்றேன்.
என் வாயால் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.
"அதை அங்கே போய்ச் சொல்லும்."
உள்ளே தாழ் விழுந்தது.
மழை என் முதுகிலும் மிளகின் மேலும்.

பதினோரு வருஷம்.
காரியக்காரர் செத்தார்,
வேறொரு காரியக்காரர் வந்தார்.
சாக்கு என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.
மிளகு கெடாது என்பார்கள், உண்மை.
கணவாய்க் காற்று திரும்பும் மாதங்களில்
காரம் எழும்பி
வீட்டில் ஒவ்வொருவராகத் தும்முகிறார்கள்.
எங்கிருந்து வருகிறது என்று மகன் தேடுகிறான்.
ஈரம், என்கிறேன்.
சுவரெல்லாம் ஈரம்.